உடம்பின் அடையாளங்களைப் படித்துக் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுதல்: தம்பதியருக்கான படிப்படியான வழிகாட்டி

ஆலங்குளத்துக்கு மேற்கே ஓர் ஊரில், திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தி, “நர்சக்கா, எனக்கு ரொம்பச் சூட்டு உடம்பு. மாசாமாசம் நடுவுல நாலு நாளு வெள்ளை படுது. மாத்திரை ஏதும் இருந்தாக் குடுங்க” என்று கேட்டார். நாற்றம் உண்டா, அரிப்பு உண்டா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டேன். எதுவும் இல்லை. எப்படி இருக்கும் என்று கேட்டபோது, சுற்றி யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நுங்குக்குள் இருக்கும் தண்ணீர் போலத் தெளிவாக, விரலில் ஒட்டி இழுபடும் என்று சொன்னார். அது நோயில்லை. கருமுட்டை வெளிவரப் போகிறது என்று உடம்பு சொல்லும் செய்தி அது. இரண்டு பிள்ளைகள் பெற்ற அந்தப் பெண்ணுக்குக் காப்பர் டி வைத்தபோது உதிரப்போக்கு அதிகமானதால் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அவருக்கும் கணவருக்கும் மனம் வரவில்லை. அவரிடம் இல்லாத மாத்திரையைத் தேடுவதைவிட, அவரிடம் ஏற்கெனவே இருந்த அறிவை ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை என்று அன்றைக்குத் தோன்றியது.

வெள்ளைப்படுதல் என்றாலே உடல் உருகிப் போகிறது, சூடு ஏறிவிட்டது என்று நம் பக்கத்தில் சொல்லிச் சொல்லி, ஆரோக்கியமான ஓர் அடையாளத்தைப் பெண்கள் வெட்கத்தோடு மறைக்கும்படி ஆக்கிவிட்டோம். இந்த வழிமுறையைக் கற்பதற்கு முதல் தடை அந்த வெட்கம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் எதையும் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

எந்த அளவுக்கு நம்பலாம்

தொடங்குவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பைவாயில் சுரக்கும் சளியையும் உடல் வெப்பநிலையையும் சேர்த்துக் கவனிக்கும் முறையைப் பற்றி ஜெர்மனியில் 900 பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், விதிகளைத் தவறாமல் பின்பற்றியவர்களில் ஓர் ஆண்டில் 100 பேருக்கு 0.4 என்ற அளவிலும், நடைமுறையில் முன்பின்னாகப் பின்பற்றியவர்களையும் சேர்த்தால் 1.8 என்ற அளவிலும்தான் வேண்டாத கருத்தரிப்பு நிகழ்ந்தது. இது முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பெண்களின் கணக்கு. இயற்கை முறைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாதாரணமாகப் பின்பற்றுவோரைப் பார்த்தால், ஓர் ஆண்டில் 100 பேரில் 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம், கற்றுக்கொண்ட விதத்தையும் இருவரும் காட்டும் ஒழுங்கையும் பொறுத்தது. இன்னொரு பிள்ளை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த முறையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் இது எந்தப் பாதுகாப்பும் தராது. அதற்கு ஆணுறை ஒன்றுதான் வழி.

முதற்படி: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுதல்

ஒரு மாதச் சுழற்சியில் கருமுட்டை வெளிவருவது ஒரே ஒரு நாளில்தான். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிரோடு இருக்கும். ஆனால் ஆணின் விந்தணு, வழுவழுப்பான கருப்பைவாய்ச் சளி இருக்கும் நாட்களில், பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே கருத்தரிக்கக்கூடிய நாட்கள், முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும் அது வெளிவரும் நாளுமாகச் சுமார் ஆறு நாட்கள். வழிமுறை முழுவதும் இந்த ஆறு நாட்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, பாதுகாப்புக்காக முன்னும் பின்னும் சில நாட்களைச் சேர்த்து விலகியிருப்பதைத்தான் சொல்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தலைக்கு ஊற்றி ஒரு வாரம் கழிந்தால் ஆபத்தில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பழந்தமிழ் இலக்கணமான தொல்காப்பியமே பூப்புக்கு, அதாவது மாதவிலக்குக்கு, பின் வரும் பன்னிரண்டு நாட்களைக் கணவன் பிரிந்திருக்கக் கூடாத நாட்கள் என்று வகுத்தது. பிள்ளைப்பேற்றுக்கு உரிய காலம் அது என்று முன்னோர் கவனித்திருந்தார்கள். அதேபோல “பதினாலாம் நாள்” என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14ஆம் நாளை ஒட்டி வரலாம். 34 நாள் சுழற்சி உள்ளவருக்கு 20ஆம் நாளை ஒட்டி வரும். அடுத்த மாதவிலக்கு என்றைக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் நாட்களை எண்ணுவது மட்டும் போதாமல், உடம்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு சுழற்சிக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் 1 முதல் 40 வரை எண்களைக் கீழ்நோக்கி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து தேதி, வெப்பநிலை, சளி, சேர்ந்திருந்த நாள், பிற குறிப்பு என்று பத்திகள். உதிரம் நன்றாக வரத் தொடங்கும் நாள்தான் 1ஆம் நாள். அதற்கு முந்தைய நாள் கறைபோல் சிறிது பட்டால் அது பழைய சுழற்சியைச் சேர்ந்தது. “வீட்டுக்குத் தூரம்” ஆன நாளைத் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் சுழித்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, ஆனால் கிழித்த தாளோடு அந்தக் கணக்கும் போய்விடும். நோட்டில் இருப்பது நிற்கும். பீடிக் கணக்குக்குப் பாஸ்புக் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு இதை எழுதுவது பெரிய வேலையே இல்லை.

முதல் மூன்று சுழற்சிகள் கற்றுக்கொள்வதற்கு மட்டும். அந்தக் காலத்தில் ஆணுறையைப் பயன்படுத்துங்கள், அல்லது முட்டை வெளிவந்தது உறுதியான பின் வரும் நாட்களில் மட்டும் சேருங்கள். விந்தும் ஆணுறையின் வழுக்குப் பசையும் சளியோடு கலந்து குழப்பும் என்பதால், இயன்றவர்கள் முதல் ஒரு சுழற்சி முழுவதும் விலகியிருந்து பார்த்தால் பாடம் தெளிவாகப் பதியும்.

மூன்றாம் படி: சளியைப் பார்த்தல்

இதுதான் வழிமுறையின் உயிர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1950களில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் தொடங்கி, பின்னர் அவருடைய மனைவியான மருத்துவர் எவலின் பில்லிங்ஸும் சேர்ந்து வளர்த்த முறை இது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தபோது அவற்றில் ஓர் இடம் நம் பெங்களூரு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட, கற்றுக்கொண்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதல் சுழற்சியிலேயே தங்கள் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள்.

ஒவ்வொரு நாளும் சிறுநீர் கழிக்கப் போகும்போதெல்லாம், போவதற்கு முன் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியால் அல்லது டிஷ்யூ தாளால் முன்னிருந்து பின்னாக ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணி தடையாக நகர்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள்; துணியில் ஏதாவது பட்டிருந்தால் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலோருக்குச் சில நாட்கள் ஒன்றுமில்லாத வறட்சி இருக்கும். பிறகு ஒருநாள் ஏதோ ஈரம் தெரியும். வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ, ஆறிய கஞ்சியின் ஆடை போலக் கெட்டியாக, விரலைப் பிரித்தால் உடனே அறுந்துவிடும். அதற்கடுத்த நாட்களில் அது நீர்த்து, தெளிந்து, முட்டையின் வெள்ளைக்கரு போல விரலுக்கு விரல் இழுபடும். சிலருக்கு இழுபடாமல் வெறும் வழுவழுப்பாக, எண்ணெய் தடவியது போல மட்டும் இருக்கும். கண்ணால் காண்பதைவிட நடக்கும்போது உணரும் அந்த வழுவழுப்பே நம்பத்தக்க அடையாளம். இந்த வழுவழுப்பு தெரிந்த கடைசி நாளை உச்ச நாள் என்று குறிக்கிறோம். அது கடைசி நாள் என்பது அடுத்த நாள் சளி திடீரென்று கெட்டியாகவோ காய்ந்தோ போனபின்தான் தெரியவரும். ஆகவே உச்ச நாளைப் பின்னோக்கிப் பார்த்துத்தான் நோட்டில் குறிக்க முடியும்.

அன்றன்று பார்த்தவற்றில் மிகவும் வழுவழுப்பானதை இரவில் எழுதுங்கள். காலையில் வறட்சியாக இருந்து சாயங்காலம் இழுபட்டால், அந்த நாள் இழுபட்ட நாள்தான். தாமிரபரணியில் குளித்து வந்த உடனேயோ தலைக்குக் குளித்த உடனேயோ பார்க்க வேண்டாம். தண்ணீர் சளியைக் கழுவிவிடும், ஈரமும் ஏமாற்றும். தயிர்த் திரள் போன்ற வெள்ளை, பச்சை நிறம், கெட்ட நாற்றம், அரிப்பு ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை எடுத்து, குணமாகும் வரை சளிக் குறிப்பை நம்பாமல் இருக்க வேண்டும்.

நான்காம் படி: வெப்பநிலை

முட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடல் வெப்பத்தைச் சற்று உயர்த்தும். உயர்வு சிறியது, குறைந்தது 0.4 டிகிரி பாரன்ஹீட். அதனால் புள்ளிக்குப் பின் இரண்டு எண் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைத்தால் நல்லது. தொடர்ந்து மூன்று மணி நேரமாவது தூங்கியபின், விழித்தவுடன், எழுந்து முற்றம் தெளிக்கப் போவதற்கு முன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன், நாக்கின் அடியில் வைத்து அளக்க வேண்டும். தினமும் ஏறத்தாழ ஒரே நேரம்.

எடுத்துக்காட்டாக ஒரு பக்கத்தில் 97.1, 97.3, 97.2, 97.0, 97.2, 97.3 என்று ஆறு நாட்கள் வந்து, அடுத்து 97.6, 97.7, 97.8 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆறில் மிக உயர்ந்தது 97.3. பின்வந்த மூன்றும் அதற்கு மேல். மூன்றாவது எண் குறைந்தது 0.4 கூடுதல். இப்படி அமைந்தால்தான் உயர்வு உறுதி. மூன்றாவது எண் அந்த அளவை எட்டவில்லை என்றால் நான்காவது நாளுக்கும் காத்திருங்கள்.

ஊரில் கோயில் கொடை என்றால் விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பார்த்துவிட்டு விடிந்தபின் படுக்கும் நாள் உண்டு. அன்றைய எண்ணை எழுதுங்கள், ஆனால் வட்டமிட்டு “கொடை” என்று பக்கத்தில் குறித்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய்ச்சல், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இரவில் பலமுறை எழுந்தது, மதுரை ரயிலில் இரவுப் பயணம், கோடையில் மொட்டை மாடியில் இடம் மாற்றிப் படுத்தது ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பத்தியில் எழுதி வைத்தால், ஓர் எண் விலகி நிற்கும்போது காரணம் கண்முன் இருக்கும்.

ஐந்தாம் படி: இரண்டையும் சேர்த்து முடிவு செய்தல்

விலகியிருக்க வேண்டிய நாட்கள் தொடங்குவது, வறட்சிக்குப் பின் எந்த வகையான ஈரமாவது முதன்முதலில் தெரியும் நாளில். கடந்த பன்னிரண்டு சுழற்சிகளில் ஒன்றுகூட 26 நாட்களுக்குக் குறையாமல் இருந்தவர்கள் முதல் ஐந்து நாட்களைக் கருத்தரிக்காத நாட்களாகக் கொள்ளலாம். மற்றவர்கள் அப்படிக் கொள்ளக் கூடாது, ஏனெனில் உதிரம் சளியை மறைத்துவிடும். ஆறாம் நாளிலிருந்து ஈரம் தெரியும் வரையிலான வறண்ட நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள், அதுவும் பகல் முழுக்க வறட்சி என்று பார்த்தபின் இரவில் மட்டும். அடுத்த நாள் தெரியும் ஈரம் விந்தா சளியா என்று பிரித்தறிய முடியாது என்பதால்தான் இந்த இடைவெளி.

முடிவது, உச்ச நாளுக்குப் பின் மூன்று முழு நாட்களும் கழிந்து, வெப்பநிலை உயர்ந்த மூன்றாம் நாளும் வந்து, இவ்விரண்டில் எது பிந்தியதோ அந்த நாளின் மாலையில். சளி முடிந்தது என்று ஒன்று சொல்லி, வெப்பம் ஏறவில்லை என்று மற்றொன்று சொன்னால், பிந்தியதையே நம்புங்கள். அந்த மாலையிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை உள்ள நாட்களே மாதத்தில் மிகவும் பாதுகாப்பானவை.

ஆறாம் படி: கணவர்

தெர்மாமீட்டர் மனைவியின் வாயில் இருந்தாலும் வழிமுறை இருவருடையது. நோட்டைக் கணவரை எழுதச் சொல்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. ஆலங்குளத்துப் பெண்ணின் கணவர் கொத்தனார். காதில் செருகிய பென்சிலோடு திரிபவர். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி சொல்லும் எண்ணை அவரே நோட்டில் எழுதி, விலகியிருக்க வேண்டிய நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். மாமியாரும் மதினியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் அவர்களுக்குள் வேறு பேச்சு தேவைப்படவில்லை. கோடு இருக்கிறதா இல்லையா என்பது போதுமானதாக இருந்தது. “வேண்டாம்” என்ற சொல்லைத் தான் மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்பதே அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

எல்லா வீடும் அப்படி இல்லை. குடித்துவிட்டு வந்து மனைவியின் மறுப்பைக் காதில் வாங்காத கணவர் இருக்கும் வீட்டுக்கு இந்த முறையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அவர் கையில் இல்லாத, பெண்ணின் கையில் இருக்கும் முறை வேண்டும்: காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகிய மூன்றும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கடையநல்லூர், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் கணவர் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து, ஒன்றிரண்டு மாத விடுமுறையில் வருவார். அவர் வந்தபின் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் காலம் போதாது. தனியாக இருக்கும் மாதங்களே சளியைத் தெளிவாகப் பார்த்துப் பழக ஏற்றவை; டிக்கெட் போட்ட செய்தி வந்தவுடனேனும் நோட்டைத் திறந்துவிடுங்கள். பயணத்தாலும் மனக்கிளர்ச்சியாலும் முட்டை வெளிவருவது தள்ளிப்போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நாள் எண்ணும் முறைகள்

ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் கினாஸும் 1920களில் தனித்தனியே கண்டறிந்த உண்மையிலிருந்து வந்தது பழைய கணக்கு. குறைந்தது ஆறு சுழற்சிகளை எழுதி, மிகக் குறுகியதிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். 27 நாளும் 32 நாளும் என்றால், 9ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை விலகல். நம் நாட்டில் 1950களின் தொடக்கத்தில், கர்நாடகத்தின் ராமநகரத்திலும் டெல்லியிலும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இந்தக் கணக்கை நிறமணி மாலை கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்; நடைமுறையில் அது கைகொடுக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் எளிமைப்படுத்திய முறையில், சுழற்சி எப்போதும் 26க்கும் 32க்கும் இடையில் இருப்பவர்கள் 8 முதல் 19 வரையிலான நாட்களில் விலகினால் போதும். சரியாகப் பின்பற்றினால் ஓர் ஆண்டில் 100க்கு 5 பேரும், சாதாரணமாக 12 பேரும் கருத்தரிக்கிறார்கள். கைப்பேசிச் செயலிகளில் பல, இந்த நாள் கணக்கைத்தான் அழகான திரையில் காட்டுகின்றன. அவை பச்சை காட்டியதாலேயே நம்பிவிடாதீர்கள்.

யார் காத்திருக்க வேண்டும்

பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்கள், மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்கள், மாத்திரையோ அந்தரா ஊசியோ அண்மையில் நிறுத்தியவர்கள் ஆகியோருக்கு அடையாளங்கள் தாறுமாறாக இருக்கும். பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இவர்கள் தொடங்குவது சரியில்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறீர்கள், மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை: இந்த மூன்றும் ஒருசேர இருக்கும் வரை கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. சர்க்கரைத் தண்ணீரோ பசும்பாலோ பாட்டி ஊட்டத் தொடங்கிய அன்றைக்கே ஒரு நிபந்தனை உடைந்துவிட்டது. இங்கே நினைவில் வைக்க வேண்டியது, முட்டை முதலில் வெளிவந்து, அதன்பின்தான் முதல் மாதவிலக்கு வரும் என்பது. “இன்னும் தூரமே ஆகலையே” என்று இருந்தவர்கள் அடுத்த பிள்ளையைச் சுமந்த கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு.

தவறிவிட்டால்

விலகியிருக்க வேண்டிய நாளில் சேர்ந்துவிட்டால், அதை நோட்டில் மறைக்காமல் எழுதுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். மருத்துவரிடமோ சுகாதாரச் செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள். அதை எடுத்த மாதத்தில் சுழற்சி மாறக்கூடும் என்பதால், அடுத்த மாதவிலக்கு வரும் வரை அந்தப் பக்கத்தின் குறிப்புகளை முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மாதவிலக்கு வராமல் உயர்ந்த வெப்பநிலை 18 நாட்களுக்கு மேல் இறங்காமல் நின்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். முழுகாமல் இருப்பதை நாள் தள்ளிப்போவதைவிட உறுதியாக அந்த வரிசை சொல்லிவிடும். ஆலங்குளத்துப் பெண்ணின் நோட்டில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அப்படி ஒரு பக்கம் வந்தது. ஆனால் அந்த மாதம் அவருடைய கணவர் கோடு இழுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பிள்ளை வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்து, வழுவழுப்பு தெரிந்த நாட்களைத்தான் இந்த முறை தேர்ந்தெடுத்திருந்தார்கள். பத்தொன்பதாவது எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் “நர்சக்காவைக் கூப்பிட வேண்டும்” என்று எழுதியிருந்தது.